ஒரே ஒரு பயனர்

கல்கத்தாவில், சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில், ஜன்னல் இல்லாத ஒரு கூட்ட அறையில், நாங்கள் நான்கு மாதம் சண்டை போட்டோம். வெளியில் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. லினக்ஸ் கணினிகளுக்கு ஒரு மென்பொருளை எந்த முறையில் பொட்டலம் கட்டி அனுப்புவது என்பதுதான் சண்டை. அம்மாவிடம் சொன்னபோது, "பொட்டலம் கட்டறதுக்கு என்னாடா நாலு மாசம்? ஒரு சணல் கயிறு போதாதா?" என்று கேட்டாள்.

எங்கள் வாடிக்கையாளர் ஒரு காப்பீட்டு நிறுவனம். ஊரெல்லாம் கிளைகள். பாலிசிதாரர்கள் போனில் சொல்லும் புகார்களைக் கிளை ஊழியர்கள் ஒரு மென்பொருளில் பதிவு செய்வார்கள். அந்த மென்பொருளைப் பராமரிப்பது எங்கள் குழுவின் வேலை. பழைய முறையில், கணினியில் ஏற்கெனவே இருக்கும் பொதுவான துணை நிரல்களை எல்லா மென்பொருளும் பகிர்ந்துகொள்ளும். புதிய முறையில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு எடுத்துக்கொண்டு, மூடி முத்திரையிட்ட ஒரே பொட்டலமாகப் போகும். நான் புதிய முறையின் பக்கம்.

எதிர்ப்பக்கம் எங்கள் குழுவிலேயே இருந்த தீதி; வங்காளத்தில் அக்கா என்று அர்த்தம். என்னைவிட மூன்று வயது மூத்தவள். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வங்காளத்தில்தான் யோசிப்பாள், என்னிடம் மட்டும் தமிழில் திட்டுவாள்.

"இப்ப இருக்கறது ஃபிளாட் தொட்டி மாதிரி," என்பாள். "தொட்டியை ஒரு தடவை கழுவினா எல்லா வீட்டுக்கும் சுத்தத் தண்ணி. நீ வீட்டுக்கு வீடு கேன் வாங்கி வெச்சுக்கச் சொல்றே. நாளைக்குத் தண்ணில கோளாறுன்னா ஒவ்வொரு கேனையும் யாரு பாபா திறந்து பாக்கறது? நீயா?"

"தொட்டி காஞ்சா எல்லா வீடும் சேர்ந்து காயுதே தீதி. போன தடவை ஒரு அப்டேட் போட்டோம். அதுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்ல. பாதிக் கிளைல நம்ம மென்பொருள் திறக்கவே இல்ல. யாரு திட்டு வாங்கினது?"

"நீதான். அதுக்காகத்தான் இவ்வளவு கோபமா?"

எங்கள் டீம் லீட் ஐம்பதை நெருங்கும் வங்காளி, பொறுமைசாலி. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு டீ சொல்லி அனுப்புவார். "ரெண்டு பேரும் சரி. ஆனா நான் ஒரு பக்கம்தான் கையெழுத்துப் போட முடியும்," என்பார்.

கோபம் இருந்தது உண்மைதான். ஆனால் அது அந்தத் திட்டினால் மட்டும் வந்ததல்ல. என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு சாந்த்ராகாச்சி யார்டில் தண்டவாள வேலை. இரும்பைச் சுத்தியலால் தட்டினால் எழும் ஓசையை வைத்தே எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவார்; எழுத்து ஒன்றும் தெரியாது. ரயில்வே சுற்றறிக்கை, மாத்திரை அட்டை, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை என்று வீட்டுக்கு வந்த எல்லாத் தாளையும் எட்டு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஏழாவது மாடியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் வாதாடுகிறேன். ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. காலையில் ரயிலில் வரும்போதே அன்றைக்குப் பேச வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பேன்.

கடைசிக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் பேசினேன். வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வந்த இருவரும் தலையாட்டினார்கள். லீட் கையெழுத்துப் போட்டார். தீதி நோட்டை மூடிவிட்டு, "சரி, ஜெயிச்சிட்டே. இனி ஒவ்வொரு கேனுக்கும் நீதான் பொறுப்பு," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

புதிய பொட்டலம் ஒரு மூடிய அறை மாதிரி. உள்ளே ஓடும் மென்பொருளுக்கு வெளியே இருப்பது எதுவும் தெரியாது. இணையம் வேண்டுமென்றால் சுவரில் ஒரு திறப்பு விட வேண்டும். அச்சுப்பொறிக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று. ஒவ்வொரு திறப்பையும் ஒரு பட்டியலில் எழுதி, எதற்கு, எத்தனை பேருக்கு என்று காரணம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். திறப்பு குறையக் குறையப் பாதுகாப்பு மதிப்பெண் கூடும். எங்கள் குழுவில் ஒரு வழக்கமும் உண்டாகிவிட்டது. யாருடைய பொட்டலத்தில் திறப்பு மிகக் குறைவோ அவருக்கு மற்றவர்கள் சந்தேஷ் இனிப்பு வாங்கித் தர வேண்டும்.

எந்தத் திறப்பு தேவை, எது வீண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தோம். ஒவ்வொன்றாக மூடு, யார் கத்துகிறார்கள் என்று பார், யாரும் கத்தாவிட்டால் அது வீண்.

புகார் மென்பொருளில் எட்டுத் திறப்புகள் இருந்தன. நான் நான்காகக் குறைத்தேன். மூடிய நான்கில் ஒன்று, பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் கருவிகள் திரையோடு பேசுகிற பாதை. திரையில் இருப்பதைக் கணினி குரலில் படித்துச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வழியாகத்தான் படிக்க முடியும். ஆவணத்தில் ஒரு வரியில் அது எழுதியிருந்தது; படித்தேன். வாடிக்கையாளர் கொடுத்த ஊழியர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். கிளை, பெயர், கணினி எண் என்று மூன்று பத்திகள். கண் தெரியுமா என்று ஒரு பத்தி அதில் இல்லை. அப்படி யாரும் இருக்க மாட்டார்கள் என்று முடிவு செய்தேன். மூடினேன். சோதனைகள் எல்லாம் பச்சையாக வந்தன. தீதி உட்பட நான்கு பேர் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் கத்தவில்லை. சந்தேஷ் எனக்குத்தான் கிடைத்தது; குளிர்காலம் என்பதால் நொலேன் குர், அதாவது புது ஈச்ச வெல்லம், போட்டது.

பொட்டலம் எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆனது. கோளாறே இல்லை என்று லீட்டுக்கு மகிழ்ச்சி. "மத்த மென்பொருளையும் இப்படியே மாத்திடலாம். நீயே ஒரு அறிக்கை எழுது," என்றார். கோளாறு இல்லை என்று எழுதுவதற்காக, உதவி மையத்தில் மூடப்பட்ட புகார்களை வரிசையாகப் படித்தேன். பெஹாலா கிளையிலிருந்து ஒன்று வந்திருந்தது. உதவி மையத்து ஆள் இப்படி முடித்திருந்தார்: மென்பொருளைத் திறந்தால் குரல் வரவில்லை என்கிறார். ஹெட்ஃபோன் சோதிக்கப்பட்டது, சரி. திரை சரி. பயனர் பார்வையற்றவர். மென்பொருளில் கோளாறு இல்லை. மூடப்பட்டது.

அதை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. என் கணினியில் திரை படிக்கும் கருவியைப் போட்டேன். அது மேசையில் இருந்ததையெல்லாம் படித்தது. கோப்பின் பெயரைச் சொன்னது, மணி சொன்னது. எங்கள் மென்பொருளைத் திறந்தேன். அமைதி. டேப் விசையை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். திரையில் கட்டம் விட்டுக் கட்டம் நகர்ந்தது எனக்குத் தெரிந்தது. காதில் ஒன்றுமில்லை.

புகாரின் தேதியைப் பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. பொட்டலம் போன மூன்றாவது வாரத்தில்தான் அது பதிவாகியிருந்தது. கிளை ஊழியர்கள் தங்கள் கணினிக் கோளாறுகளையும் அதே மென்பொருளில்தான் பதிய வேண்டும். வேறு யாராவது பதிந்து தரும்வரை அவரால் கத்த முடிந்திருக்காது.

தீதியிடம்தான் முதலில் சொன்னேன். சொன்னபடியே ஆச்சு என்று சொல்லிக்காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் விசைப்பலகையை இழுத்துத் தானே டேப் விசையை அழுத்திப் பார்த்தாள்.

"பொட்டலத்து மேல தப்பு இல்ல. மூடினது தப்பு. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்," என்றாள். பிறகு, "ஒரு வரிதானே? உடனே திறந்து விடு," என்றாள்.

ஒரே ஒரு வரிதான். ஆனால் அது காலாண்டு முடிவு. வாடிக்கையாளரின் கணக்கு முடியும்வரை எந்த மாற்றமும் அனுப்பக்கூடாது என்று தடை. அவசரம் என்றால் தடையை மீறலாம். அவசரம் என்பதை எத்தனை பேருக்குப் பாதிப்பு என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். லீட்டிடம் போனேன்.

"எத்தனை யூசர்?"

"ஒருத்தர் சார்."

"ஒரே ஒரு யூசரா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம்தான். ஆனா ஒருத்தருக்காகத் தடையை மீறச் சொன்னா மேல என்ன கேப்பாங்க தெரியுமா? புது முறை இவ்வளவு சீக்கிரம் உடைஞ்சுதான்னு கேப்பாங்க. உன் அறிக்கை இன்னும் போகல. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். "சரி சார், அடுத்த வெளியீட்டுல சேர்த்துடறேன்," என்றேன். மொத்தப் பேச்சுக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பொட்டலத்துக்காக நாற்பது நிமிடம் பேசியவன் நான். அப்போது மேசையைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. தட்டவில்லை. அறிக்கையில் அந்தப் புகாரைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் சேர்த்தேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

அடுத்த வெளியீடு வர ஆறு வாரம் ஆனது. தானாகவே எல்லாக் கணினிக்கும் போய்விடும். நான் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி பெஹாலா போனேன். அவரிடம் நேரில் காட்டிவிட வேண்டும் என்று இருந்தது.

கிளையின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியும் சின்ன மேசையும். மேசையில் கணினி இல்லை. 'விசாரணை' என்று வங்காளத்தில் ஒரு பலகை. கட்டம் போட்ட சட்டையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்த ஒரு பெண் அவரை ஒரு நொடி பார்த்துவிட்டு, அவரைக் கேட்காமல், தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த காவலாளியிடம் போய் எந்த மாடி என்று கேட்டாள்.

"மூணாவது மாடி, இடது பக்கம்!" என்று நாற்காலியிலிருந்தே சொன்னார் அவர். அந்தப் பெண் ஏறிப் போய்விட்டாள்.

அவர்தான் என்று தெரிந்தது. இங்கே அண்ணனைத் தாதா என்றும் தம்பியைப் பாய் என்றும்தான் கூப்பிடுவார்கள். தாதா என்று ஆரம்பித்து, எங்கிருந்து வருகிறேன் என்று வங்காளத்தில் சொன்னேன். அவர் முகம் என் பக்கம் திரும்பியது.

"அரே, பொட்டலக்காரனா நீ? அந்தப் புதுப் பொட்டலம்?" என்று சிரித்தார். "உன் வங்காளத்துல மதராஸ் வாசம் அடிக்குதே பாய்."

"சாந்த்ராகாச்சில பிறந்தவன் தாதா."

"அப்ப ரயில் வாசம்."

குரல் சரியாகிவிட்டது, மேலே வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். எழுந்து கைப்பிடியைத் தொட்டபடி எனக்கு முன்னால் ஏறினார். நான்தான் பின்னால் மூச்சு வாங்கினேன்.

அவருடைய பழைய இடத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள். புதிதாகச் சேர்ந்தவள். எங்களைப் பார்த்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கைப்பையோடு எழுந்து நின்றாள். நான் திரை படிக்கும் கருவியைத் தட்டிவிட்டேன். அவர் உட்கார்ந்து, குரலின் வேகத்தைக் கூட்டினார், மேலும் கூட்டினார். ஹெட்ஃபோனிலிருந்து கசிந்தது எனக்குப் பூச்சி ரீங்காரம் மாதிரிதான் கேட்டது. அவர் விரல்கள் டேப், டேப், எண்டர் என்று ஓடின. பாலிசி எண், பெயர், முகவரி, புகாரின் வகை. ஒரு முறைகூட நிற்கவில்லை. அந்தப் பெண் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருது," என்றார். பிறகு மெதுவாக, "எல்லாம் வருது," என்றார்.

கிளை மேலாளர் ஒரு அம்மாள். அறையிலிருந்து வெளியே வந்து பார்த்தார். "சரியாயிடுச்சா? நல்லது, ரொம்ப நல்லது," என்று எனக்கு நன்றி சொன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கினார். "அந்த மூணு வாரத்துல இவர் கட்டத்தை எண்ணி எண்ணியே டைப் பண்ணியிருக்கார். யார்கிட்டயும் சொல்லல. ஒரு விதவையோட புகார் வேற யாரோட ஃபைல்லயோ போயிடுச்சு. அந்த அம்மா நாலு தடவை அலைஞ்சாங்க. அதான் இவரைக் கீழே மாத்தினேன், நான் வேற என்ன செய்ய முடியும்? இப்ப இந்தப் பொண்ணுக்கு நிரந்தர உத்தரவே வந்தாச்சு. போன் கால் எல்லாம் காத்துக்கிட்டு இருக்கு. அவ உக்காரட்டுமா?"

தாதா ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார். ஹெட்ஃபோன் கம்பியைச் சிக்கெடுத்துச் சுருட்டி மேசையில் வைத்தார்.

"சொல்லலன்னு இல்ல," என்றார் படியிறங்கும்போது. "பக்கத்துல இருந்தவங்களைக் கேட்டேன். பார்த்துட்டு, எல்லாம் சரியாத்தானே இருக்குன்னாங்க. அவங்களுக்குச் சரியாத்தான் இருந்திருக்கும். மூணு ஹெட்ஃபோன் மாத்தினேன். அப்புறம் சந்தேகம் வந்துடுச்சு, என் காதுதான் போகுதோன்னு. கண்ணு இல்லாதவனுக்குக் காதும் போனா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு. காது டாக்டர்கிட்டப் போனேன். கண்ணாடி அறையில உக்கார வெச்சு டிக் டிக்னு சத்தம் போட்டுப் பார்த்தார். காது பிரமாதம்னார். அன்னிக்கு ராத்திரி பெண்டாட்டிகிட்ட சொல்லல, ஆனா பயம் அதிகமாயிடுச்சு. காது நல்லா இருக்குன்னா, அப்ப போனது எது?"

கீழ்த்தளத்துக்கு வந்திருந்தோம். அங்கேயே நின்று சொன்னேன். அந்தப் பாதையை மூடியது நான்தான் என்று. மதிப்பெண்ணைப் பற்றியும் சொன்னேன். ஆறு வாரத்துக்கு முன்பே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். சந்தேஷைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வேணும்னு செய்யல," என்றார்.

"இல்ல தாதா. யாரும் யூஸ் பண்ணலன்னு நினைச்சேன்."

"கேட்டிருக்கலாமே."

"யாரைக் கேட்கறதுன்னு தெரியல."

"ஒரு போன் போட்டிருந்தா போதும். பெஹாலாவுல இப்படி ஒருத்தன் இருக்கான்னு காவலாளியே சொல்லியிருப்பான்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உட்கார்ந்து, மேசையில் இருந்த பலகையை விரலால் தடவி நேராக்கினார். "பதினாலு வருஷம் பாய். புகார் சொல்றவங்க குரலை வெச்சே யாரு அழுதுட்டு போன் பண்றாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்கு முதல்ல எழுதுவேன்."

அப்பாவின் சுத்தியல் சட்டென்று நினைவுக்கு வந்தது. எட்டு வயதிலிருந்து, எழுத்தைக் காதால் மட்டுமே வாங்கிக்கொள்ளக்கூடிய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துச் சொல்லியே வளர்ந்தவன் நான். இந்த ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவருடைய நிறுவனத்தின் பணியாளர் பிரிவுக்குக் கடிதம் எழுதினேன். கோளாறு எங்களுடையது, அவருடையது அல்ல. அந்தத் தவறான பதிவுக்கும் நாங்கள்தான் காரணம் என்று. லீட் அதைப் படித்துவிட்டுத் தன் கையெழுத்தையும் போட்டார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. தற்போதைய ஏற்பாடு அனைவருக்கும் ஏற்புடையதாக உள்ளது என்று. அனைவரில் அவரைச் சேர்த்தார்களா என்று தெரியவில்லை. இன்னொரு கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

மற்ற மென்பொருள்களும் இப்போது புதிய முறைக்கு மாறிவிட்டன. என் வாதம் தவறு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. தீதியும் ஒத்துக்கொண்டுவிட்டாள். கூட்ட அறையில் இப்போது சண்டை இல்லை. சந்தேஷ் வழக்கமும் எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றுபோனது.

காலாண்டுக்கு ஒரு முறை திறப்புகளின் பட்டியல் மறுபடி என் மேசைக்கு வரும். ஒவ்வொரு திறப்புக்கும் எதிரே, அதைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம். பூஜ்யம் என்றால் அடுத்த வெளியீட்டில் மூடிவிடுவார்கள். அந்தக் குறிப்பிட்ட வரிக்கு எதிரே நான் ஒன்று என்று எழுதுகிறேன். போன முறை தீதி சரிபார்த்தாள்.

"இது பொய்," என்றாள். "அவர் இப்ப கம்ப்யூட்டரே தொடறது இல்ல. பூஜ்யம்னுதான் வரணும்."

"தெரியும்."

"ஆடிட்டுல யாராவது கேட்டா?"

"கேக்கட்டும் தீதி. பெஹாலாவுக்குப் போயே கேக்கட்டும். கீழேயே உக்காந்திருப்பார்."

அவள் கையெழுத்துப் போட்டாள். இதுவரை யாரும் போய்க் கேட்கவில்லை.